எல்5 பெடிக்கிளின் 18 மில்லிமீட்டர்: கீழ்முதுகை இம்ப்ளாண்டுக்காக அளப்பது எப்படி

இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளின் அளவுகளைப் பற்றிய எந்த ஆய்வுக் கட்டுரையைத் திறந்தாலும் ஓர் அட்டவணை இருக்கும். எல்1 முதல் எல்5 வரை, அதாவது கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகளுக்கும் மேலிருந்து கீழாக, பெடிக்கிளின் (முள்ளெலும்பின் உடலைப் பின்பகுதியோடு இணைக்கும் எலும்புத் தண்டு, ஸ்க்ரூ போகும் வழி) அகலம், உயரம், கோணம். 1987-இல் ஸிண்ட்ரிக் குழுவினர் வெளியிட்டு இன்றும் மேற்கோள் காட்டப்படும் அளவீட்டில், எல்1 பெடிக்கிளின் சராசரி அகலம் 9 மிமீ-க்குச் சற்றுக் குறைவு. எல்5-இல் அது 18 மிமீ. அப்படியென்றால் எல்5-க்குள் 12, 13 மிமீ தடிமனான ஸ்க்ரூ தாராளமாக நுழைய வேண்டும். ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் எல்5-க்குக் கையில் எடுப்பது பெரும்பாலும் 6.5 அல்லது 7.5 மிமீ ஸ்க்ரூதான். அட்டவணையின் 18 தவறான எண் என்று யாரும் சொல்லவில்லை. அது எந்தத் தளத்தில், எந்தத் திசையில் எடுத்த அளவு என்பதுதான் விஷயம். ஸ்க்ரூவை வடிவமைப்பவருக்கு வேண்டிய எண் வேறு.

உடற்கூறு அளவுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி இம்ப்ளாண்ட் வரைபடத்தில் நேராகப் போய் உட்காராது. அளப்பவர் எலும்பின் வெளிக்கோட்டைப் பார்த்து அளக்கிறார். வடிவமைப்பவருக்குக் கருவியின் விளிம்பு எங்கே முட்டும் என்று தெரிய வேண்டும். அதனால் எதிர்முனையிலிருந்து தொடங்குவதே சரி: இந்த எண்ணை வைத்து எந்த முடிவை எடுக்கப் போகிறோம்? ஸ்க்ரூவின் விட்டத்தைத் தீர்மானிப்பது பெடிக்கிளின் மிகக் குறுகிய இடத்தில் உள்ள மிகக் குறுகிய திசை. நீளத்தைத் தீர்மானிப்பது நுழைவுப் புள்ளியிலிருந்து அதே அச்சில் முன்சுவர் வரை உள்ள தூரம். ஸ்க்ரூ தலை எவ்வளவு அகலமாக இருக்கலாம் என்பதை அடுத்தடுத்த இரண்டு நுழைவுப் புள்ளிகளின் இடைவெளியும், பக்கத்தில் இருக்கும் ஃபேசட் மூட்டும் (முள்ளெலும்புகளைப் பின்பக்கம் இணைக்கும் மூட்டு) முடிவு செய்கின்றன. டிஸ்கை (இரு முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு) எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கும் கேஜின் பரப்புக்கு எண்ட்பிளேட்டின் (முள்ளெலும்பு உடலின் மேல், கீழ்த் தட்டு) ஓர வளையம், உயரத்துக்கு டிஸ்கின் பின்வாய், சரிவுக்கு நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே. இவற்றில் எதற்கும் பதில் சொல்லாத அளவை எடுத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, நேரம்தான் வீண்.

பெடிக்கிள்: படுத்துக்கொண்ட நீள்வட்டம்

எல்1 முதல் எல்3 வரை பெடிக்கிளின் குறுக்குவெட்டு ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும் நீள்வட்டம். உயரம் 14, 15 மிமீ அளவில் இருக்கும். அகலம் அதைவிடக் கணிசமாகக் குறைவு. அங்கே கிடைமட்டமாக எடுத்த அகலமும் உண்மையான குறுகிய விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எல்4-இல் நீள்வட்டம் சாயத் தொடங்குகிறது. எல்5-இல் நன்றாகவே படுத்துவிடுகிறது. படுத்த நீள்வட்டத்தின் குறுக்கே கிடைமட்டக் கோடு போட்டால் கிடைப்பது குற்றச்சு (குறுகிய அச்சு) அல்ல, குற்றச்சுக்கும் நெட்டச்சுக்கும் (நீண்ட அச்சு) இடைப்பட்ட ஏதோ ஒரு நீளம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அளவு புரியும். நெட்டச்சு 20, குற்றச்சு 11 மிமீ என்று ஒரு நீள்வட்டத்தை எடுத்துக்கொள்வோம். அது செங்குத்திலிருந்து 45 டிகிரி சாய்ந்திருந்தால், மையத்தின் வழியே போகும் கிடைமட்டக் கோட்டின் நீளம் 13.6 மிமீ. 60 டிகிரி சாய்ந்திருந்தால் 15.9 மிமீ. எலும்பு ஒன்றுதான், குறுகிய வழி 11-ஆகவே இருக்கிறது. பெடிக்கிளின் வெளிவிட்டத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஸ்க்ரூ இருக்கக் கூடாது என்பது புழக்கத்தில் உள்ள ஒரு விதி. அதை 11-க்குப் போட்டால் 8.8 மிமீ. 15.9-க்குப் போட்டால் 12.7 மிமீ. இரண்டாவது எண்ணை நம்பிச் செய்த ஸ்க்ரூ பெடிக்கிளைப் பிளந்துகொண்டு வரும்.

சரியான குறுக்குவெட்டை எடுக்கச் சிடி ஸ்கேனின் மூன்று தளங்களையும் திருப்பியாக வேண்டும். ஸ்லைசர் போன்ற இலவச மென்பொருளிலேயே இதைச் செய்யலாம். முதலில் பக்கவாட்டுத் தோற்றத்தில், அளக்கப் போகும் முள்ளெலும்பின் மேல் எண்ட்பிளேட்டுக்கு இணையாகக் குறுக்குத் தளத்தைச் சாய்க்க வேண்டும். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் கெட்டுவிடும். எல்5 இயல்பாகவே முன்னால் கவிழ்ந்திருக்கும். ஸ்கேனர் கொடுத்த தளத்திலேயே அளந்தால் எலும்பைச் சாய்வாக அறுத்ததாகிவிடும். 34 மிமீ ஆழமுள்ள முள்ளெலும்பு உடலை 25 டிகிரி சாய்ந்த தளத்தில் அளந்தால் 37.5 மிமீ வரும். ஸ்க்ரூக்கள் பொதுவாக 5 மிமீ படிகளில்தான் வருகின்றன. மூன்றரை மில்லிமீட்டர் கூடினால் அடுத்த நீளத்துக்குத் தாவ அதுவே போதும்.

இரண்டாவதாக, திருத்திய குறுக்குத் தளத்தில் பெடிக்கிளின் நடுவழியே அச்சைப் போட்டு, நடுக்கோட்டோடு அது சேரும் கோணத்தைக் குறிக்க வேண்டும். எல்1-இல் இது சுமார் 10 டிகிரி. கீழே போகப் போகக் கூடி எல்5-இல் 30 டிகிரியை ஒட்டி வரும். மூன்றாவதாக, பக்கவாட்டுத் தளத்தை இந்த அச்சின் மேலேயே திருப்பி, அச்சின் மேல்கீழ்ச் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். இப்போது இரண்டுக்கும் செங்குத்தாக இருக்கும் மூன்றாவது தளம்தான் பெடிக்கிளின் நிஜமான குறுக்குவெட்டு. அந்தத் தளத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பரப்பு மிகக் குறைவாக உள்ள இடத்தில் நிறுத்தி நான்கு எண்களை எடுக்க வேண்டும்: வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை குற்றச்சு, உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை குற்றச்சு, நெட்டச்சு, நெட்டச்சு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கோணம். கடைசி எண்ணைப் பெரும்பாலான அட்டவணைகள் தருவதே இல்லை. எல்5-ஐப் பொறுத்தவரை நான்கில் அதுதான் முக்கியமானது என்பது எங்கள் கருத்து.

உள், வெளி இரண்டும் எதற்கு? ஸ்க்ரூவின் மரை பிடிப்பது உட்புறப் பஞ்செலும்பையும் சுவரின் உட்பக்கத்தையும். சுவரின் தடிமன் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லை. முதுகுத்தண்டுக் குழாயை ஒட்டிய உள்பக்கச் சுவர் தடித்தது, வெளிப்பக்கச் சுவர் மெலிந்தது. அதனால் இடம் போதாத ஸ்க்ரூ வெளிப்பக்கமாகத் தள்ளப்படுவது சகஜம். உள்பக்கமோ கீழ்ப்பக்கமோ உடைந்தால் அங்கே நரம்பு வேர் பெடிக்கிளை அணைத்தபடியே போகிறது. ஸ்க்ரூ எவ்வளவு வெளியே போயிருக்கிறது என்பதை மதிப்பிட எல்லோரும் பயன்படுத்தும் கெர்ட்ஸ்பைன்–ராபின்ஸ் தரப்படுத்தல் 1990-இல் வந்தது. அதன் படிகள் 2 மிமீ இடைவெளியில் போகின்றன. அதாவது அளவீட்டில் 2 மிமீ பிசகினால் ஒரு முழுத் தரம் பிசகியதாக அர்த்தம்.

நீளத்தை அளக்கும்போது நுழைவுப் புள்ளியை வார்த்தையில் எழுதி வைக்க வேண்டும். பக்கவாட்டு முளையின் நடுக்கோடும் மேல் ஃபேசட்டின் வெளிவிளிம்பும் சந்திக்கும் இடம் என்பது வழக்கமான வரையறை. மூட்டுத் தேய்ந்தவர்களில் ஃபேசட் புடைத்து, எலும்பு முளைத்து, அந்தப் புள்ளி பல மில்லிமீட்டர் வெளியே நகர்ந்திருக்கும். அறுவையில் அந்தப் புடைப்பைக் கொந்தி எடுத்துவிட்டுத்தான் ஸ்க்ரூ போடுவார்கள். எனவே புடைப்பின் உச்சியிலிருந்து அளந்தால் நீளம் கூடுதலாக வரும். முன்சுவரும் தட்டையானது இல்லை, வளைந்தது. உள்நோக்கிச் சரியாகச் சாயாமல் நேராகப் போகும் ஸ்க்ரூவின் நுனி, முன்-வெளி மூலையைத் துளைத்த பிறகும் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் எலும்புக்குள் இருப்பதைப் போலவே தெரியும். வெளியே பெரிய ரத்தக் குழாய்கள். பக்கவாட்டுப் படத்தில் முள்ளெலும்பு ஆழத்தில் 80 சதவீதம் வரை போனால் போதும் என்று வைத்திருப்பது அதற்காகத்தான்.

வலது, இடது இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். லேசான பக்கவளைவு உள்ளவர்களில் ஒரு பக்கப் பெடிக்கிள் மெலிந்திருப்பது சாதாரணம். இரண்டின் சராசரியைப் போட்டால் அந்தத் தகவலே அழிந்துவிடும்.

ஸ்கேன் எதைக் காட்டும், எதை மறைக்கும்

வயிற்றுக்காக எடுத்த பழைய சிடி படங்களைத் தோண்டி எடுத்து முதுகெலும்பை அளப்பது மலிவான வழி. அதில் ஒரு பொறி இருக்கிறது. 400 மிமீ அகலமுள்ள பரப்பை 512 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளி 0.78 மிமீ. முதுகுக்கென்றே 180 மிமீ பரப்பில் மறுபடி உருவாக்கிய படத்தில் ஒரு புள்ளி 0.35 மிமீ. இரண்டு விளிம்பிலும் ஒவ்வொரு புள்ளி தடுமாறினாலே முதல் வகையில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பிழை. 7, 8 மிமீ அகலமுள்ள எல்1 பெடிக்கிளுக்கு இது கட்டுப்படியாகாது. மூலத் தரவு இன்னும் ஸ்கேனரில் இருந்தால் சிறிய பரப்பில், எலும்புக்கான வடிகட்டியோடு மறுபடி உருவாக்கித் தரச் சொல்லலாம். அது சில நாட்களிலேயே அழிக்கப்பட்டுவிடும் என்பதால் கேட்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும்.

வெட்டுத் தடிமன் 1 மிமீ அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். 3 மிமீ வெட்டில் 2 மிமீ ஆழமுள்ள எண்ட்பிளேட் குழிவு கரைந்து போய்விடும், மேற்பரப்பு தட்டையாகத் தெரியும். அந்தத் தட்டையை நம்பித் தட்டையான கேஜ் செய்தவர்களும் உண்டு.

எலும்பின் விளிம்பு எங்கே என்பதை முடிவு செய்வது நாம் வைக்கும் எல்லை மதிப்பு. மிமிக்ஸ் மென்பொருளில் எலும்புக்கென முன்கூட்டியே வைத்திருக்கும் கீழ் எல்லை 226 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடி படத்தில் அடர்த்தியைச் சொல்லும் அலகு). நல்ல எலும்புள்ள இளைஞருக்கு அது சரியாகவே வேலை செய்யும். எலும்புத் தேய்வுள்ள எழுபது வயதுக்காரரின் முள்ளெலும்பில் பஞ்செலும்பின் மதிப்பு 100-க்கும் கீழே போய்விடும். மெல்லிய சுவரும் மங்கிவிடும். அங்கே 226-ஐ அப்படியே விட்டால் மாடலில் ஓட்டைகள் விழும். ஓட்டையை மூட எல்லையைக் குறைத்தால் மென்திசுவும் சேர்ந்து எலும்பு பருத்துவிடும். ஆளுக்காள் எல்லையை மாற்றினால் ஒப்பிடவே முடியாது. சுவரின் உச்ச மதிப்புக்கும் வெளித் திசுவின் மதிப்புக்கும் நடுவில் விளிம்பை வைப்பது ஓரளவு நியாயமான வழி. ஆனால் 1 மிமீ-க்கும் மெலிந்த சுவரில் உச்சமே மங்கியிருப்பதால், அந்த வழியிலும் சுவர் உள்ளதைவிடத் தடித்தே தெரியும். கண்ணால் பார்த்துக் கோடு போடுபவர்களுக்கும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். திரையில் ஒளி அமைப்பை மாற்றினால் அதே பெடிக்கிள் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரியும். ஒளி அமைப்பின் எண்களைப் பூட்டி வைத்துவிட்டு அளக்க வேண்டும், அவற்றை அறிக்கையிலும் எழுத வேண்டும்.

முப்பரிமாண மாடலாக மாற்றிய பிறகு அழகுக்காக மேற்பரப்பை வழவழப்பாக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வழவழப்பாக்கும் எளிய கணக்குகள் கூரான பகுதிகளைச் சுருக்கிவிடும். எண்ட்பிளேட்டின் ஓர வளையம்தான் முதலில் மொட்டையாகும். அளவெடுக்கும் மாடல் வேறு, படம் போடும் மாடல் வேறு என்று வைத்துக்கொள்வது நல்லது.

காய்ந்த எலும்பை வெர்னியர் காலிப்பரில் அளப்பதைப் பற்றிச் சுருக்கமாக: பெடிக்கிளுக்கு இன்றும் நல்ல வழி, 0.02 மிமீ வரை காட்டும். ஆனால் காய்ந்த எலும்பு கொஞ்சம் சுருங்கும், டிஸ்க் இருக்காது, பெரும்பாலும் வயதும் உயரமும் தெரியாது. கேஜ் வடிவமைப்புக்கு அது உதவாது.

எண்ட்பிளேட்டும் கேஜும்

கேஜ் எண்ட்பிளேட்டின் மேல் உட்காருகிறது. அது எலும்புக்குள் அமிழ்ந்துபோவதுதான் பெரிய தோல்வி. அமிழ்ந்தால் உயரம் போகும், வளைவு போகும், நரம்புத் துவாரம் மறுபடி நெருங்கும். 2001-இல் கிராண்ட், ஆக்ஸ்லண்ட், டுவோராக் மூவரும் 3 மிமீ அரைக்கோள நுனியால் எண்ட்பிளேட்டைப் புள்ளி புள்ளியாக அழுத்திப் பார்த்தார்கள். பெடிக்கிளுக்கு நேர் முன்னால் இருக்கும் பின்-வெளி மூலைகள் வலுவானவை. நடுப்பகுதிதான் மிகப் பலவீனம். மேல் முள்ளெலும்பின் கீழ்த்தட்டு, கீழ் முள்ளெலும்பின் மேல்தட்டைவிட உறுதியானது என்பதும் அதில் தெரிந்தது. எனவே அளவெடுக்கும்போது வெறும் நீள அகலம் போதாது. ஓர வளையம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்க வேண்டும். கேஜின் விளிம்பு அந்த வளையத்தின் மேல் ஏறுகிறதா, உள்ளே விழுகிறதா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

வளையத்தைக் குறிப்பதில் எலும்பு முளைகள் குறுக்கே வரும். டிஸ்க் தேய்ந்தவர்களின் முள்ளெலும்பு ஓரங்கள் உதடு போல வெளியே நீண்டிருக்கும். அந்த உதட்டின் நுனி வரை அளந்தால் எண்ட்பிளேட் 4, 5 மிமீ பெரிதாகத் தெரியும். அந்த நீட்சி சுமை தாங்கும் எலும்பு என்று நம்பிக் கேஜை நீளமாக்கக் கூடாது. முள்ளெலும்பு உடலின் பக்கச் சுவர்க் கோட்டை மேல்நோக்கி நீட்டி, அது எண்ட்பிளேட்டைத் தொடும் இடத்தில் நிறுத்துவது நடைமுறைக்கு உகந்தது. பக்கவாட்டிலிருந்து நுழைக்கும் கேஜில் இது இன்னும் முக்கியம். 45 முதல் 60 மிமீ வரை நீளமுள்ள அந்தக் கேஜ் இரு ஓர வளையங்களையும் தொட வேண்டும். அதே சமயம் எதிர்ப்பக்கம் துருத்தினால் அங்கே சோவாஸ் தசையும் நரம்பும் இருக்கின்றன.

அடுத்தது குழிவு. மேல் முள்ளெலும்பின் கீழ்த்தட்டு நன்றாகக் குழிந்திருக்கும். மிக ஆழமான புள்ளி நடுவுக்குச் சற்றுப் பின்னால் விழும். கீழ் முள்ளெலும்பின் மேல்தட்டு ஒப்பீட்டளவில் தட்டை. ஆகவே மேலும் கீழும் ஒரே வளைவுள்ள கேஜ் ஏதாவது ஒரு பக்கம் பொருந்தாது. குழிவைக் கேஜின் வளைவு ஆரமாக மாற்றும் கணக்கு எளிது. நாண் நீளத்தின் வர்க்கத்தை ஆழத்தின் எட்டு மடங்கால் வகுத்து, ஆழத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். நாண் 30, ஆழம் 3 மிமீ என்றால் ஆரம் 39 மிமீ. ஆழம் 2 மிமீ என்றால் 57 மிமீ. ஆழத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் பிழை, ஆரத்தில் 18 மிமீ-ஆக வளர்ந்து நிற்கிறது. மெல்லிய வெட்டு ஏன் கட்டாயம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். பிழை எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். கேஜ் எலும்பைவிடத் தட்டையாக இருந்தால் ஓரத்தில் உட்காரும், நடுவில் இடைவெளி விழும், எலும்புத்தூள் தொடாமல் இணைவு தாமதமாகலாம். கேஜ் எலும்பைவிட அதிகம் புடைத்திருந்தால் நடுவில், அதாவது மிகப் பலவீனமான இடத்தில், மொத்தச் சுமையையும் இறக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டுமென்றால் முதல் பிழையே மேல்.

டிஸ்க் உயரத்தை முன், நடு, பின் என்று மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். பின்பக்கமிருந்து நுழைக்கும் கேஜ் நடு உயரத்துக்குப் பொருந்த வேண்டும், ஆனால் அதைவிடக் குறுகலான பின்வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கேஜின் முனை தோட்டா போலக் கூம்பியிருப்பதும், படுக்கவைத்து நுழைத்து உள்ளே திருப்பும் வகைகளும், உள்ளே போன பிறகு விரியும் வகைகளும் இந்த முரணிலிருந்து வந்தவை. இங்கே இன்னொரு சங்கடம்: அறுவைக்கு வரும் டிஸ்க் ஏற்கெனவே சப்பிப்போனது. அதன் தற்போதைய உயரத்தை அளந்தால் கிடைப்பது நோயின் அளவு. எட்ட வேண்டிய உயரத்தை அதே ஆளின் தேயாத அடுத்த டிஸ்கிலிருந்துதான் எடுக்க முடியும். எல்5-க்கும் சாக்ரம் எலும்பின் முதல் பகுதியான எஸ்1-க்கும் இடையிலுள்ள டிஸ்குக்குக் கீழே அடுத்த டிஸ்க் இல்லை என்பதால் அங்கே ஊகம் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும்.

படுத்த படமும் நின்ற முதுகும்

சிடி, எம்ஆர்ஐ இரண்டும் படுத்த நிலையில் எடுப்பவை. படுத்தால் வளைவு மாறும், டிஸ்க் விரியும், நின்றால் சறுக்கும் முள்ளெலும்பு ஓரளவு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். எலும்பின் அளவுக்குச் சிடி. கேஜின் சரிவுக்கும் ஸ்க்ரூக்களை இணைக்கும் ராடின் வளைவுக்கும் நின்ற நிலையில், இரண்டு தொடையெலும்புத் தலைகளும் தெரியும்படி எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் உருவம் பெரிதாகத் தெரியும் என்பதால் நீளங்களை எடுப்பதாக இருந்தால் விட்டம் தெரிந்த உலோக உருண்டையை முதுகெலும்பின் ஆழத்திலேயே வைத்துப் படம் பிடிக்க வேண்டும். கோணங்களுக்கு இது தேவையில்லை.

இடுப்பு வளைவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எல்4-க்கும் எஸ்1-க்கும் இடையில்தான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வளைவு வேண்டும் என்பதைக் பெல்விக் இன்சிடென்ஸ் என்ற கூபகக் கோணத்தோடு (சாக்ரத்தின் மேல்தட்டையும் தொடையெலும்புத் தலைகளையும் வைத்து அளப்பது) ஒப்பிட்டுச் சொல்வார்கள். லெகாய், டுவால்-போப்பெர் குழுவினர் 1998-இல் முன்வைத்த அளவு அது. வளர்ந்தவர்களில் சராசரி 50 டிகிரியைச் சற்றுத் தாண்டும், ஆனால் 35-உம் உண்டு, 80-உம் உண்டு. நிற்பதாலும் உட்காருவதாலும் பெரிதாக மாறாத கோணம் இது.

கேஜின் மேல் 12 டிகிரி என்று பொறித்திருப்பதால் முதுகில் 12 டிகிரி கிடைத்துவிடாது. முன்னிருந்து பின்னாக 26 மிமீ ஆழமுள்ள கேஜில் 12 டிகிரி என்றால் முன்பக்கம் பின்பக்கத்தைவிட 5.5 மிமீ உயரம். 11 மிமீ ஆழமே உள்ள வளைந்த சிறு கேஜில் அதே 12 டிகிரி வெறும் 2.3 மிமீ. இந்தச் சிறு கேஜை டிஸ்கின் முன்ஓரத்தில் வைத்தால் வளைவு கூடும், பின்னால் வைத்தால் குறையவும் செய்யும். ஆகவே வடிவமைப்பு ஆவணத்தில் கோணத்தோடு ஆழமும், வைக்க வேண்டிய இடமும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

யாருடைய முதுகு?

அளக்கும் முன்பே ஒரு கேள்வி: இது எல்5-தானா? இடுப்புக்கும் சாக்ரத்துக்கும் இடைப்பட்ட மாறுநிலை முள்ளெலும்பு அபூர்வம் அல்ல. வெவ்வேறு ஆய்வுகள் 4 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்துக்கும் மேல் வரை சொல்கின்றன; வரையறை மாறினால் எண்ணும் மாறுகிறது. காஸ்டெல்வி 1984-இல் தந்த வகைப்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கீழிருந்து எண்ணினால் எல்5 என்று நினைத்தது எல்4-ஆகவோ ஆறாவது முள்ளெலும்பாகவோ இருக்கலாம். மேலிருந்து, முடிந்தால் கழுத்திலிருந்தே, எண்ணிக்கொண்டு வர வேண்டும். மாறுநிலை உள்ளவர்களைத் தனிக் குழுவாக வைக்கலாம். எல்5 பட்டியலுக்குள் கலக்கவிட்டால் திட்டவிலக்கம் காரணமின்றி வீங்கும்.

ஐம்பது பேரின் ஐந்து முள்ளெலும்புகள், இரண்டு பக்கம் என்று அளந்துவிட்டு 500 பெடிக்கிள்கள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆட்கள் 50 பேர்தான். ஒரே உடம்பின் பத்துப் பெடிக்கிள்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால் நம்பக எல்லை பொய்யாக ஒடுங்கும். ஆண், பெண் அளவுகளைக் கலப்பதும் அப்படித்தான்: இரண்டு மலைகளின் நடுவில் உள்ள பள்ளத்தில் சராசரி போய் விழும்.

வடிவமைப்புக்குச் சராசரியால் பெரிய பயனில்லை, ஓரங்கள்தான் வேண்டும். எல்1 பெடிக்கிளின் குற்றச்சுக்குச் சராசரி 7.5, திட்டவிலக்கம் 1.5 மிமீ என்று வைத்துக்கொண்டால், 80 சதவீத விதிப்படி 4.5 மிமீ ஸ்க்ரூவுக்குத் தேவையான 5.6 மிமீ கூட இல்லாதவர்கள் பத்தில் ஒருவர். ஓரத்தைத் துல்லியமாக அறிய மாதிரி பெரிதாக வேண்டும். இயல்நிலைப் பரவலில் 5-ஆம் சதமானத்தை நேரடியாக எண்ணி எடுத்தால், அதன் திட்டப்பிழை சராசரியுடையதைப் போல் சுமார் இரண்டு மடங்கு. அதே துல்லியம் வேண்டுமானால் நான்கு மடங்குக்கு மேல் ஆட்கள் தேவை.

இன்னொரு பிழை இதைவிட நுட்பமானது. கேஜுக்கு நீளம், அகலம், உயரம், கோணம் என்று நான்கு அளவுகள். ஒவ்வொன்றிலும் நடு 90 சதவீதம் பேரைப் பிடித்துவிட்டால் மொத்தத்தில் 90 சதவீதம் பேருக்குப் பொருந்தும் என்று நினைக்கத் தோன்றும். நான்கும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்றால் பொருந்துவது 66 சதவீதம் பேருக்குத்தான். நிஜத்தில் ஓரளவு ஒட்டுறவு உண்டு என்பதால் விடை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். எங்கே என்று தெரிய ஒட்டுறவு அணியை (எந்த அளவு எதனோடு எவ்வளவு சேர்ந்து மாறுகிறது என்ற அட்டவணை) வெளியிட வேண்டும். வெறும் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் வெளியிடும் கட்டுரையிலிருந்து இதை மீட்டெடுக்க வழியே இல்லை. எண்ட்பிளேட் பரப்புக்கும் டிஸ்க் கோணத்துக்கும் ஒட்டுறவு பலவீனமாக இருந்தால், பெரிய கேஜுக்கு மட்டும் பெரிய கோணம் என்று கட்டி விற்பதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு பரப்புக்கும் எல்லாக் கோணங்களும் வேண்டும். பெட்டியில் கேஜ்களின் எண்ணிக்கை பெருகும். கிடங்குக்காரர் முகம் சுளிப்பார்.

அளப்பவர்களின் ஒப்புமையைக் காட்ட ஒட்டுறவுக் கெழு 0.95 என்று எழுதிவிட்டு நிம்மதி அடைவதும் சரியில்லை. ஆட்களுக்கிடையே திட்டவிலக்கம் 3 மிமீ-ஆக இருந்து அளவீட்டுப் பிழை 0.7 மிமீ-ஆக இருந்தால் கெழு 0.95 வந்துவிடும். ஆனால் ஒரு தனி அளவு கூடவோ குறையவோ 1.4 மிமீ வரை விலகலாம் என்பதே அதன் பொருள். ஸ்க்ரூக்களின் விட்டமோ 1 மிமீ படிகளில் ஏறுகிறது. இரண்டு பேர், இரண்டு முறை, இடையில் சில வாரங்கள், முந்தைய எண்களைப் பார்க்காமல் அளந்து, வேறுபாடுகளை மில்லிமீட்டரிலேயே பிளாண்ட்–ஆல்ட்மன் முறையில் (இரு அளவுகளின் வேறுபாட்டை அவற்றின் சராசரிக்கு எதிரே வரைவது) காட்டினால்தான் வடிவமைப்பவர் அதை இடைவெளிக் கணக்கில் சேர்க்க முடியும்.

அளவுகள் முடிவானபின் சோதனைக்கு எந்த அளவுள்ள இம்ப்ளாண்டை அனுப்புவது என்பதற்கும் இதே தரவுதான் அடிப்படை. ஸ்க்ரூவும் ராடும் சேர்ந்த அமைப்புக்கு, தரங்களை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் எஃப்1717 சோதனை. அதில் முள்ளெலும்புக்குப் பதிலாகப் பாலிஎத்திலின் கட்டைகள், நடுவில் முள்ளெலும்பே இல்லாத இடைவெளி, 50 லட்சம் சுற்றுகள். கேஜுக்கு எஃப்2077, அமிழ்வுக்கு எஃப்2267. மிகச் சிறிய அளவுதான் மிக மோசமானது என்று பழக்கத்தில் எடுத்துவிடக் கூடாது. வளைவுச் சோர்வில் ஒல்லியான விட்டத்தோடு நீளமான ஸ்க்ரூவே முதலில் உடையலாம். கேஜில் சிறிய பரப்பு, அதிக உயரம், அதிகச் சரிவு மூன்றும் சேர்ந்ததே பெரும்பாலும் மோசமானது. அமிழ்வுச் சோதனையில் கேஜை அழுத்துவது பாலியூரித்தேன் நுரைக் கட்டைகளுக்கு இடையில். அவை சீரான பொருள், அங்கே வலுவான ஓர வளையமும் கிடையாது, பலவீனமான நடுவும் கிடையாது. ஓர வளையத்தில் ஏறி உட்காரும்படி பார்த்துப் பார்த்து வடிவமைத்த கேஜும், அதே பரப்புள்ள சாதாரணக் கேஜும் அந்த நுரையில் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் கொடுக்கும். வித்தியாசத்தைக் காட்ட வேண்டுமென்றால் சோதனையைத் தாண்டி, ஸ்கேனிலிருந்து எடுத்த எண்ட்பிளேட் வடிவத்தோடும் இடத்துக்கு இடம் மாறும் எலும்பு அடர்த்தியோடும் கணினி மாதிரி ஒன்றைத் தனியாக ஓட்டியாக வேண்டும்.